காலரா நச்சை உலகுக்கு அடையாளம் காட்டிய சம்புநாத் டே

புது தில்லி: காலரா என ஐயுறப்படும் நோயாளியின் மல மாதிரியில் இன்று கிருமி மட்டும் தேடப்படுவதில்லை. நச்சை உருவாக்கும் மரபணு அதில் உள்ளதா என்பதையும் பிசிஆர் பரிசோதனை சில மணி நேரத்தில் காட்டிவிடுகிறது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் பழைய முறைக்கு ஓரிரு நாள்களாவது தேவை. பேதியால் உடல் வற்றிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு அது நெடுங்காலம்.

அப்படியொரு நச்சு இருப்பதை 1959-இல் ஆய்வின் மூலம் நிறுவியவர் கொல்கத்தாவின் டாக்டர் சம்புநாத் டே.

மேற்கு வங்கத்தின் ஹூக்ளி மாவட்டச் சிற்றூர் ஒன்றில் 1915-இல் எளிய குடும்பத்தில் பிறந்த டே, கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்றார். லண்டனில் ராய் கேமரனிடம் நோய்க்கூறியல் ஆய்வு செய்து 1949-இல் முனைவர் பட்டம் பெற்றார். நாடு திரும்பியதும் அவர் தேர்ந்துகொண்டது, வங்கத்தை ஆண்டுதோறும் வாட்டிவந்த காலராவை.

ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக் 1884-இல் கொல்கத்தாவிலேயே காலராக் கிருமியைத் தனித்துப் பிரித்துக் காட்டியிருந்தார். அது நச்சைச் சுரக்கக்கூடும் என்றும் அவர் கருதினார். ஆயினும் அடுத்த எழுபத்தைந்து ஆண்டுகள் அதை எவராலும் மெய்ப்பிக்க இயலவில்லை. கிருமியை விலங்குகளின் உடலில் செலுத்திப் பார்த்தனரேயன்றி, நோய் நிகழும் இடமான குடலைப் பலர் கவனிக்கவில்லை.

டே முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை நூலால் இருபுறமும் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். அப்பகுதி நீர் கோத்து வீங்கியது. சக ஆய்வாளர் சட்டர்ஜியுடன் 1953-இல் இம்முறையை வெளியிட்டார். பின்னர், கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய திரவத்தை மட்டும் செலுத்தியபோதும் குடல் வீங்கியது. நீரை வெளியேற்றுவது கிருமி சுரக்கும் நச்சே என்பது உறுதியாயிற்று. முயல், நூல், ஊசி, வடிகட்டி. விலையுயர்ந்த கருவி எதுவுமில்லை. இம்முடிவு 1959-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது.

இதன் பயன் நம் மண்ணிலேயே விளங்கியது. 1992 இறுதியில் சென்னையில் தலைகாட்டி, பின்னர் வங்கம் வரை பரவிய புதிய காலராக் கிருமி, வழக்கமான ஓ1 எதிர்ச்சீரத்துக்குப் பிடிபடவில்லை. ஓ139 எனப் பெயரிடப்பட்ட அக்கிருமியிடம் காலரா நச்சின் மரபணு இருந்தது. மேலுறை மாறினாலும் கொல்லும் கருவி மாறவில்லை. நீர்நிலைகளில் வாழும் இதே இனக் கிருமிகளில் பெரும்பாலானவற்றிடம் அம்மரபணு கிடையாது என்பதால், ஆபத்தானதையும் அல்லாததையும் பிரித்தறிய அதுவே துணைபுரிகிறது.

இத்தகையவரை நாடு எவ்வாறு போற்றியது? நோபல் பரிசு பெற்ற ஜோசுவா லெடர்பெர்க் அவரை அப்பரிசுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை பரிந்துரைத்தார். காலரா குறித்த 1978-ஆம் ஆண்டு நோபல் கருத்தரங்குக்கு அவர் அழைக்கப்பட்டார். ஆனால், இந்திய அறிவியல் அகாதெமிகள் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய தேசிய விருது எதுவும் வாழ்நாளில் அவருக்குக் கிட்டவில்லை. ஆண்டுதோறும் விருதுப் பட்டியல்கள் தயாராகும் தலைநகரில் அப்பெயர் எவர் நினைவுக்கும் வராதது வியப்பே.

1973-இல் கொல்கத்தா மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்ற டே, 1985 ஏப்ரல் 15-இல் காலமானார். பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழ், அவரது பணியைப் போற்றிச் சிறப்பிதழ் வெளியிட்டது 1990-இல்.