மணலைச் சுட்ட இன்ஜினியர்

தரமணி மொட்டை மாடிகளில் ஹைட்ரோபோனிக்ஸ் ட்ரே வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலை நல்லா தெரியும். ஒரு அறுவடை முடிஞ்சதும் களிமண் உருண்டைகளில் சிக்கிய வேரைப் பிய்க்கணும். போர் தண்ணியின் உப்பு வெள்ளையா படிஞ்சிருக்கும், அதைக் கழுவணும். பிளீச்சில் ஊற வைத்து, அலசி, காயப்போட்டு, மறுபடி ட்ரேயில் கொட்டணும். செம போர். ஆனா இதே மாதிரி ஒரு வேலையை வெறித்தனமான கவனத்தோடு செய்த ஒருத்தர் இருந்தார்: ழான் பாப்திஸ்த் பூசாங்கோ.

1802-ல் பாரிஸில் பிறந்தவர். படித்தது சுரங்கத் தொழில். அதாவது நம்ம ஆளு, மைனிங் இன்ஜினியர். இருபது வயசில் தென் அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார். சுரங்கம், எரிமலை, பொலிவாரின் படையில் பதவி என்று பத்து வருஷம். 1831-ல் சிம்போராசோ மலையில் சுமார் 6,000 மீட்டர் உயரம் வரை ஏறினார். கழுத்துக் கழலை வராமல் இருக்க அயோடின் உள்ள உப்பைச் சாப்பிடலாம் என்று அப்பவே சொன்னவரும் இவர்தான். (நம்ம வீட்டு உப்பு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க.)

ஊர் திரும்பி, கல்யாணம் பண்ணி, அல்சேஸில் மனைவி குடும்பத்துப் பண்ணையில் ஆராய்ச்சியை ஆரம்பித்தார். போட்ட எரு, அறுத்த பயிர், எல்லாத்தையும் எடை போட்டு நைட்ரஜன் கணக்கு எழுதினார். கணக்கு டேலி ஆகலை. நடுவில் க்ளோவர் பயிரிட்ட வயல்களில், எருவில் போட்டதைவிட அதிக நைட்ரஜன் பயிரில் வந்தது. எங்கிருந்து?

மண்ணை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது, ஏன்னா மண்ணிலேயே நைட்ரஜன் இருக்கு. அதனால் மணலைச் சிவக்கச் சுட்டார். காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் ஊற்றினார். 1838-ல் ரிசல்ட்: க்ளோவருக்கும் பட்டாணிக்கும் நைட்ரஜன் கூடியது, கோதுமைக்குக் கூடலை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனா தூசியோ, காற்றில் இருக்கும் அம்மோனியாவோ உள்ளே வந்திருந்தா? 1850-களில் இன்னும் கறாராகச் செய்தார். நுரைக்கல்லைக் கழுவி, சுட்டு, செடியைக் கண்ணாடிக்குள் மூடி வளர்த்தார். இப்போ எந்தச் செடிக்கும் எதுவும் கூடலை. காற்றின் நைட்ரஜனைச் செடி எடுக்காது என்று அறிவித்தார். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டிலும் அதே ரிசல்ட்தான் வந்தது.

இரண்டு அளவீடும் சரிதான். பட்டாணி வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியாதான் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிக்கிறது. நல்லா சுத்தம் பண்ணப் பண்ண அதுவும் செத்துப்போகும். முதல் தடவை திறந்த வெளியில் எப்படியோ ஒட்டிக்கிட்டு வந்திருக்கணும்.

அக்வாபோனிக்ஸ் பண்றவங்க இதை இன்னிக்கும் அனுபவிக்கலாம். மீன் கழிவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அந்த உருண்டைகள் மேலதான் குடியிருக்கும். பிளீச் போட்டா அதுவும் காலி, அப்புறம் அம்மோனியா ஏறி மீனும் காலி. அங்கே தொட்டித் தண்ணியிலேயே அலசுவதுதான் முறை. வெறும் ஹைட்ரோபோனிக்ஸில் நைட்ரேட்டை நாமே கரைத்து ஊத்துறோம், அதனால் தாராளமா பிளீச் பண்ணலாம்.

1886-ல் ஜெர்மனியில் ஹெல்ரீகல் அதே மாதிரி சுட்ட மணலை எடுத்து, வயல் மண் ஊறிய தண்ணியைக் கொஞ்சம் ஊற்றினார். வேர் முடிச்சு வந்தது, பட்டாணி செழித்தது. அடுத்த வருஷம் மே மாதம் பூசாங்கோ இறந்தார். வயசு 85.