இரத்த அணுக்களும் எல்லாப்பிரகடா சுப்பாராவும்

கருவுற்ற தாய்மார்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வழங்கப்படும் சிவப்பு மாத்திரையில் இரும்புச் சத்துடன் ஃபோலிக் அமிலமும் உள்ளது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் மூட்டுவாத நோய்க்கும் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்து தரப்படுகிறது. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரையைப் புதுச்சேரி மக்கள் நன்கு அறிவர். இம்மூன்று மருந்துகளின் வரலாற்றிலும் இடம்பெறும் ஒருவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். அவருடைய வாழ்க்கையை அறிந்தால், உங்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் புரிந்துகொள்வது எளிதாகும்.

இளமையும் கல்வியும்

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். மூன்றாம் முயற்சியில்தான் பள்ளி இறுதித் தேர்வில் வெற்றி பெற்றார். பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதர் ஆடை அணிந்து சென்றமையால் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. அதன்பின் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பயிற்றுவித்தார்.

அவருடைய உடன்பிறந்தோர் இருவர் ஸ்ப்ரூ என்னும் குடல் நோயால் அடுத்தடுத்து இறந்தனர். இந்நோயில் குடல் உணவுச் சத்துகளை உறிஞ்சும் திறனை இழக்கிறது. ஓயாத வயிற்றுப்போக்கும் உடல் மெலிவும் கடும் இரத்தசோகையும் உண்டாகின்றன. அந்த இரத்தசோகைக்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று ஃபோலிக் அமிலக் குறைபாடு என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை.

அமெரிக்காவில்

1922 இல் அவர் பாஸ்டன் நகரை அடைந்தார். மருத்துவமனையில் இரவுப் பணியாளராக உழைத்தவாறே ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் கற்றார். பின்னர் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் இணைந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925 இல் வெளியிட்டார். தசைகளுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் பொருளை இருவரும் கண்டறிந்தனர். ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி வழங்கப்படவில்லை. 1940 இல் நியூயார்க் மாநிலத்தில் இருந்த லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார்.

பெரிய அணுக்களும் ஃபோலிக் அமிலமும்

1931 இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், பம்பாயில் கருவுற்ற பெண்களிடையே காணப்பட்ட ஒருவகை இரத்தசோகை ஈஸ்ட் சாற்றினால் குணமாவதை எடுத்துரைத்தார். அப்பெண்களின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் உருவத்தில் பெருத்தும் இருந்தன. சாற்றில் இருந்த சத்து எது என்பது அப்போது தெரியவில்லை. அதுவே ஃபோலிக் அமிலம். 1945 இல் சுப்பாராவின் தலைமையிலான குழு அதனை ஆய்வகத்தில் உருவாக்கியது. ஸ்ப்ரூ நோயாளிகளின் இரத்தசோகையும் அதனால் குணமடைந்தது.

அணுக்கள் ஏன் பெருக்கின்றன? எலும்பு மஜ்ஜையில் புதிய அணுக்கள் உருவாக, அவற்றின் உட்கரு இரண்டாகப் பிரிய வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அது குறையும்போது அணு வளர்கிறது, ஆனால் பிரிய இயலுவதில்லை. ஆகவே பெரிய அணுக்கள் குறைந்த எண்ணிக்கையில் உண்டாகின்றன. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லப் பரப்பி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் இதனை நேரில் காணலாம்:

• ஃபோலிக் அமிலம் அல்லது பி12 குறைந்தால் சிவப்பணுக்கள் பெருத்து முட்டை வடிவில் இருக்கும். ஒருவகை வெள்ளையணுவின் உட்கரு ஐந்துக்கு மேற்பட்ட பகுதிகளாகத் தோன்றும்.
• இரும்புச் சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருக்கும். தலசீமியாவிலும் அவை சிறியனவாகவே இருக்கும்.
• கடும் இரத்தப் புற்றுநோயில் முதிர்ச்சியடையாத வெள்ளையணுக்கள் காணப்படும்.

உங்கள் அறிக்கையில் எம்.சி.வி. என்று குறிக்கப்படுவது சிவப்பணுவின் சராசரிப் பருமன். பெரியவர்களுக்கு அது 80 முதல் 100 வரை இருப்பது இயல்பு. ஹீமோகுளோபின் கருவுற்ற பெண்களுக்கு 11 கிராமுக்குக் கீழும், மற்றப் பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழும், ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழும் இருந்தால் இரத்தசோகை எனக் கொள்ளப்படும்.

போலி உருவம் கொண்ட மருந்து

இரத்தப் புற்றுநோயில் அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகின்றன. அவற்றுக்கும் ஃபோலிக் அமிலம் தேவை. ஃபோலிக் அமிலத்தைப் போன்ற அமைப்புடையதும், ஆனால் அதன் வேலையைத் தடுப்பதுமான அமினோப்டெரின் என்னும் பொருளைச் சுப்பாராவின் குழு உருவாக்கியது. பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் அதனை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 குழந்தைகளிடம் நோய் தற்காலிகமாகத் தணிந்ததாக 1948 இல் அறிவித்தார். நோய் மீண்டும் திரும்பினும், மருந்தால் அதனைத் தணிக்க இயலும் என்பது அன்று உறுதியாயிற்று. அவ்வகை மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது. பல மருந்துகளைச் சேர்த்து அளிக்கும் இக்காலச் சிகிச்சையால், லிம்போபிளாஸ்டிக் வகை இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுள் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

டி.இ.சி. மருந்தும் 1947 இல் லெடர்லே ஆய்வகத்திலிருந்தே வெளிவந்தது. யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் இரவில் இரத்தத்தில் மிகுதியாக உலவுவதால், அப்பரிசோதனைக்கு இரவில் இரத்தம் எடுக்கப்படுகிறது.

1948 ஆகஸ்டில், தமது 53 ஆம் வயதில், சுப்பாராவ் மாரடைப்பால் நியூயார்க்கில் காலமானார். 1922 இல் பிரிந்து சென்ற மனைவியை அவர் மீண்டும் காணவில்லை. தாயகத்துக்கும் திரும்பவில்லை. 1995 இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

• கருவுற்ற பெண்கள் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை நான்காம் மாதம் முதல் நாள்தோறும் 180 நாள்களும், மகப்பேற்றுக்குப் பின் 180 நாள்களும் உட்கொள்ள வேண்டும். ஃபோலிக் அமிலம் கருவின் தண்டுவடக் குறைபாட்டைத் தடுக்கிறது. ஆகவே கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரை அணுகுங்கள்.
• கீரை, பயறு வகைகளில் இச்சத்து உண்டு. நெடுநேரம் வேகவைத்தால் அது குறையும்.
• பெரிய அணுக்கள் இருப்பின், பி12 அளவையும் அறியாமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் நீங்களாகவே உட்கொள்ளாதீர்கள். இரத்தசோகை சீரானது போலத் தோன்றினும், பி12 குறைபாட்டால் நரம்புகள் பாதிப்படையக் கூடும்.
• மூட்டுவாதம், சொரியாசிஸ் ஆகியவற்றுக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே தரப்படும். நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதை மருந்துச் சீட்டில் எழுதித் தருமாறு கேளுங்கள். முதியோருக்கு மாத்திரை தரும் பராமரிப்பாளர்கள் இதில் மிகுந்த கவனம் கொள்க.
• அம்மருந்து எடுப்போருக்கு வாய்ப்புண், காய்ச்சல், இரத்தக் கசிவு தோன்றினால், மருந்தை நிறுத்தி அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ளோர் தாங்களாக மருந்தை நிறுத்தாமல், உடனே தம் சிகிச்சைக் குழுவை அணுக வேண்டும்.
• காரணமற்ற சோர்வு, அடிக்கடி காய்ச்சல், தோலில் சிவந்த புள்ளிகள், ஈறில் இரத்தம் வடிதல் ஆகியவை இருப்பின் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பழைய அறிக்கைகளையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.