காக்கா குருவியைப் போட்டோ எடுத்த மா.கிருஷ்ணன்

புலி, யானை போட்டோ என்றால் எல்லாரும் பார்ப்போம். வீட்டு வாசலுக்கு வரும் காக்காயையும் மைனாவையும் யார் பார்க்கிறது? ஒருத்தர் பார்த்தார். அவர்தான் மா.கிருஷ்ணன்.

இவர் 1912-ம் ஆண்டு ஜூன் 30-ல் திருநெல்வேலியில் பிறந்தார். அப்பா, 'பத்மாவதி சரித்திரம்' நாவல் எழுதிய அ.மாதவையா. எட்டுப் பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. வளர்ந்தது சென்னை மயிலாப்பூரில். 1925-ல் அப்பா திடீரென்று இறந்துவிட்டார். அப்போ இவருக்கு 13 வயசு. என்னைவிட ஒரு வயசு சின்னவர்!

படித்து முடித்து, இப்போது கர்நாடகாவில் இருக்கும் சண்டூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தார். 1949-ல் அந்தச் சமஸ்தானமே இல்லாமல் போனது. சென்னைக்குத் திரும்பினார். அதுக்கப்புறம் மாசச் சம்பளம் கிடையாது. எழுத்தும் போட்டோவும்தான் சோறு போட்டது.

பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்து, தானே ஒரு கேமரா செய்துகொண்டார். கலர் பிலிம் வந்த பிறகும் கருப்பு வெள்ளையிலேதான் எடுத்தார். பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

1950-ல் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் பறவை, விலங்குகளைப் பற்றி எழுத ஆரம்பித்தார். 46 வருஷம் எழுதினார். 1996 பிப்ரவரி 18-ல் இறந்தார். அன்றைக்கு வந்த பேப்பரிலும் அவர் கட்டுரை இருந்தது!

நம்மகிட்ட கேமரா இல்லை. கண்ணு இருக்கே! நம்ம பள்ளி வேப்பமரத்தில் காக்கா கூடு கட்டியிருக்கு. கவட்டை வச்சிருக்கிற தம்பிகளே, அதைக் கீழே போட்டுட்டு ஒரு நாள் நின்னு பாருங்களேன்.

– 9-ம் வகுப்பு மாணவி