சிறிய ரவையின் பெரிய கணக்கு

யானையை வீழ்த்தப் பெரிய துப்பாக்கியே வேண்டும் என்பது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆபிரிக்காவுக்குச் சென்ற ஐரோப்பிய வேட்டைக்காரர் பலரது உறுதியான நம்பிக்கையாகும். அந்நம்பிக்கையை அசைத்தவர், 'கரமோஜோ' பெல் எனப் புகழ்பெற்ற வோல்டர் பெல் ஆவார்.

1880 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தில் எடின்பரோ நகருக்கு அண்மையில் பிறந்த அவர், இளம் வயதிலேயே பெற்றோரை இழந்தார். பதின்ம வயதில் கடலோடியாகப் புறப்பட்ட அவர், உகண்டா புகையிரதப் பாதை அமைக்கப்பட்ட காலத்தில் அங்கு சிங்க வேட்டையில் ஈடுபட்டார். பின்னர் கனடாவின் தங்க வயல்களுக்கும், அங்கிருந்து கனேடியப் படையணியுடன் தென்னாபிரிக்கப் போர்க்களத்துக்கும் சென்றார். போரின் பின்னர் தந்தம் தேடி உகண்டாவின் வடகிழக்கிலுள்ள கரமோஜா பிரதேசத்தை அடைந்தார். அவரது பட்டப்பெயர் அங்குதான் பிறந்தது.

அக்காலத்தில் யானை வேட்டைக்கென உருவாக்கப்பட்ட மிகப் பெரிய றைபிள்கள் சுமார் 7 கிலோகிராம் எடையும் 58 கிராம் சன்னமும் கொண்டவை. பெல் பெரிதும் நம்பிய 7 மில்லிமீற்றர் மௌசர் ரவையின் சன்னமோ ஏறத்தாழ 11 கிராம் மாத்திரமே. 6.5 மில்லிமீற்றர் மான்லிக்கர் ஷோனவர் றைபிளையும் அவர் பயன்படுத்தினார். 1903 இல் வெளிவந்த அந்த றைபிளின் குறுங்குழல் வடிவத்தில் குழலின் நீளம் 45 சென்றிமீற்றர் அளவினதே.

குழல் குறுகும்போது, எரிவாயு விரிந்து சன்னத்தை உந்துவதற்கான தூரமும் குறைகின்றது. மெதுவாக எரியும் வெடிமருந்தை மிகுதியாகக் கொண்ட ரவையாயின், அதன் சக்தியில் ஒரு பகுதி குழல்வாயில் தீப்பிழம்பாகவும் பேரொலியாகவும் வீணாகும். அளவான மருந்தும் நீண்டு மெலிந்த சன்னமும் கொண்ட ரவையில் இந்த இழப்பு குறைவு. சன்னமும் ஆழமாக ஊடுருவும். பின்னுதைப்புக் குறைவதால் குறியும் தவறாது. எனினும், தமக்குக் கிடைத்த 6.5 மில்லிமீற்றர் ரவைகளில் குறைபாடுகள் காணப்பட்டமையால் பெல் அதனைக் கைவிட்டார். எவ்வளவு சிக்கனமான ரவையாயினும் நம்பகமற்றதாயின் பயனில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

சிறிய ரவை தானாக வெற்றியைத் தந்துவிடவில்லை. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, எக்கோணத்திலிருந்து மூளையை எட்டலாம் என்பதை அவர் கற்றார். அந்த அறிவும் பொறுமையும் இன்றி அவரைப் பின்பற்றுவோரின் கையில் அதே ரவை, விலங்கைக் காயத்துடன் அலைய விடும் கருவியாகவே அமையும்.

முதலாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றிய பெல், 1954 இல் ஸ்கொட்லாந்தில் காலமானார். அவர் கொன்ற யானைகளின் தொகை ஆயிரத்துக்கும் அதிகமாகும். அவற்றுள் பெரும்பாலானவை அச்சிறிய 7 மில்லிமீற்றர் ரவைக்கே பலியாகின.

பெல்லின் கணக்கு பொறியியல் ரீதியில் பிழையற்றது. ஆனால், குறைந்த மருந்து, குறைந்த எடை, குறைந்த உதைப்பு என்று அவர் மிச்சப்படுத்திய யாவும் தந்தச் சந்தைக்கான கொலையை இலகுவாக்கவே உதவின. 1989 இல் சர்வதேச தந்த வர்த்தகத்தைத் தடைசெய்ய உலக நாடுகள் தீர்மானித்தன. பெல் வேட்டையாடிய கரமோஜாவிலேயே 1962 முதல் கிடெப்போ தேசியப் பூங்கா யானைகளுக்குப் புகலிடமாக விளங்குகின்றது. ஒரு கருவி எவ்வளவு திறமையானது என்று கேட்பதற்கு முன், அத்திறமை எதற்குப் பயன்படுகின்றது என்று கேட்க வேண்டும் என்பதே பெல்லின் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடமாகும்.