சதுரங்க வித்தகர் சிகோரின்

தமிழாசிரியனுக்குச் சதுரங்கத்தில் யாது அலுவல் என வினவுவோர் உளர். நூலில் இல்லாத வழியைத் தானே ஆய்ந்து கண்ட ஒருவரின் வரலாறு எவ்வாசிரியனுக்கும் உரியதே.

ருஷ்ய நாட்டிலே, சென் பீற்றர்ஸ்பேர்க் நகருக்கு அணித்தாகிய கச்சினாவில் 1850ஆம் ஆண்டு பிறந்தவர் மிக்கயில் சிகோரின். இளமையிலேயே பெற்றோரை இழந்து, அநாதைப் பிள்ளைகளுக்கான கல்விச்சாலையில் வளர்ந்தார். பதினாறாம் வயதில் அங்கிருந்த ஆசிரியர் ஒருவரே அவருக்குக் காய் நகர்த்தக் கற்பித்தார். பின்னர் எழுதுவினைஞராகப் பணியாற்றினார்.

அக்காலத்தில் அவ்விளையாட்டுப் பற்றிய விரிந்த நூல் ஜேர்மன் மொழியில் இருந்தது. ருஷ்ய மொழியில் முன்னர் வெளிவந்த ஏடோ நின்றுபோயிருந்தது. சிகோரின் 1876இல் தாமே ஓர் ஏட்டைத் தொடங்கினார். சந்தாதாரர் சிலரே, 1881இல் அது நின்றது. 1885இல் மற்றொன்றைத் தொடங்கினார். அதுவும் ஈராண்டளவே நிலைத்தது. பயில விரும்புவோர்க்கு ஆட்டங்கள் அச்சில் கிடைக்க வேண்டுமென்ற வேட்கை மட்டும் அவரை விட்டகலவில்லை.

வெள்ளையர் அரசியின் காலாளையும் அதன் பக்கத்துக் காலாளையும் முன்செலுத்தினால், கறுப்பர் தம் காலாளைக் காலாளாலேயே தாங்குக என்பது அன்றைய விதி. சிகோரினோ அரசிப்பக்கக் குதிரையை வெளியே பாய்ச்சினார். அக்குதிரை தன் பின்னுள்ள காலாளின் வழியை அடைக்கும். ஆகவே அதனைப் பிழையென்றனர். அவர் விட்டாரல்லர். 1895இல் ஹேஸ்ரிங்ஸ் நகரில் உலக வீரர் லாஸ்கருக்கு எதிரே இவ்வழியிற் சென்று, தம் மந்திரிகள் இரண்டையும் கொடுத்துக் குதிரைகளை வைத்துக்கொண்டு வென்றார். மந்திரியிணையே மேலானதென்று நம்பியிருந்தோர்க்கு அஃது அதிர்ச்சியன்றோ! அடுத்த ஆண்டளவில் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் பில்ஸ்பரியும் இதே தற்காப்பிற் தோற்றார்.

கியூபாவின் ஹவானாவில் ஸ்ரைனிற்ஸுடன் உலகப் பட்டத்துக்காக இருமுறை பொருதார். 1889இல் தோற்றார். 1892இல் வெற்றி கைக்கெட்டிய இருபத்துமூன்றாம் ஆட்டத்தில் காவலாய் நின்ற மந்திரியை விலக்கினார். இரண்டே நகர்வில் முற்றுகை நேரவிருந்தது. பட்டமும் போயிற்று. இடையில் 1890, 1891இல் தந்திவழி நடந்த இரு ஆட்டங்களில் அதே ஸ்ரைனிற்ஸை வென்றது சிலருக்கே நினைவிருக்கும்.

1908இல் லுப்ளினில் அவர் மறைந்தார். அவருடைய தற்காப்பைப் பின்பற்றியோர் நெடுங்காலம் மிகச் சிலரே. கற்க விரும்பிய மாணவன் பழைய ஆட்டங்களைத் தேடி எடுத்து, பலகையில் ஒவ்வொரு நகர்வாக வைத்துப் பார்க்க நேர்ந்தது. ருஷ்ய வீரர் மொறொசெவிச் அதனை மீண்டும் அரங்கேற்றி, 2007இல் அதற்கெனவே ஒரு நூல் வெளியிட்டார். நம் சதுரங்கக் கழக மாணவர் அந்நூலைத் திறக்குமுன், லாஸ்கரை வென்ற அந்த ஹேஸ்ரிங்ஸ் ஆட்டத்தைத் தம் கையால் ஒருமுறை ஆடிப் பார்ப்பாராக.