அடிமையாகப் பிறந்தவரின் பெயரில் ஒரு போர்க்கப்பல்

அமெரிக்கக் கடற்படை 2023 மார்ச் மாதம் தன் போர்க்கப்பல் ஒன்றின் பெயரை மாற்றியது. அதுவரை அதன் பெயர் சான்சலர்ஸ்வில். அடிமை முறையைக் காப்பாற்றப் போரிட்ட தென் மாநிலப் படை 1863-ல் வெற்றி பெற்ற இடத்தின் பெயர் அது. அதை எடுத்துவிட்டு வைத்த புதிய பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ். அடிமையாகப் பிறந்து, நாடாளுமன்ற உறுப்பினரான கறுப்பினத் தலைவர் அவர்.

1839 ஏப்ரல் 5 அன்று, தெற்கு கரோலினா மாநிலத்தின் பியூஃபோர்ட் ஊரில், எஜமானர் வீட்டின் பின்புறம் இருந்த குடிலில் ஸ்மால்ஸ் பிறந்தார். தாய் லிடியா அந்த வீட்டில் வேலை செய்த அடிமை. 12 வயதில் மகனை சார்ல்ஸ்டன் துறைமுக நகருக்குக் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். உழைத்தது சிறுவன், கூலி எஜமானருக்குப் போனது. வாரத்துக்கு ஒரு டாலர் மட்டும் அவன் கையில் நின்றது.

உணவு விடுதியில் வேலை, தெருவிளக்கு ஏற்றும் வேலை, துறைமுகத்தில் சுமை தூக்கும் வேலை என்று பலவும் செய்து, கடைசியில் கப்பல் ஓட்டக் கற்றுக்கொண்டார். 17 வயதில் ஹன்னா என்ற அடிமைப் பெண்ணை மணந்தார். மனைவியையும் பிறந்த மகளையும் விடுவிக்க 800 டாலர் விலை சொன்னார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்தும் 100 டாலர்தான் தேறியது. குழந்தையை எந்த நாளும் வேறொருவருக்கு விற்றுவிடலாம் என்பதே அன்றைய சட்டம்.

1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் படைக்கு ஆயுதம் ஏற்றிச் சென்ற பிளான்ட்டர் என்ற நீராவிக் கப்பலை ஸ்மால்ஸ்தான் ஓட்டினார். அதே வேலையை வெள்ளையர் செய்தால் பைலட் என்பார்கள். கறுப்பினத்தவருக்கு அந்தப் பெயர் கிடையாது. சக்கரம் பிடிக்கும் ஆள் என்றே அழைத்தார்கள்.

1862 மே 12 இரவு, கப்பலின் மூன்று வெள்ளை அதிகாரிகளும் கரையில் தங்கப் போய்விட்டார்கள். விடியும் முன்பே ஸ்மால்ஸும் உடனிருந்த அடிமை மாலுமிகளும் கப்பலைக் கிளப்பினார்கள். வழியில் தங்கள் மனைவி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டார்கள். பிடிபட்டால் கப்பலை மூழ்கடித்து எல்லோரும் சாவது என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். கேப்டனின் வைக்கோல் தொப்பியை அணிந்து, அவரைப் போலவே நின்று, ஒவ்வொரு கோட்டையையும் தாண்டும்போது சரியான சங்கொலி எழுப்பினார் ஸ்மால்ஸ். பீரங்கி எட்டாத தூரத்துக்கு வந்ததும் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கொடியாக ஏற்றி, வட மாநிலக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். அப்போது அவருக்கு வயது 23.

பிறகு வாஷிங்டன் சென்று, கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க வேண்டும் என்று வாதாடினார். அந்த 1862-ம் ஆண்டிலேயே தெற்கு கரோலினாவில் 5,000 பேர் வரை சேர்க்க அனுமதி வந்தது. அடுத்த ஆண்டு பிளான்ட்டருக்கே அவர் கேப்டன் ஆனார். ஆனாலும் 1864-ல் பிலடெல்பியாவில் டிராம் வண்டியில் அமர்ந்தபோது, கறுப்பினத்தவர் உள்ளே உட்காரக் கூடாது என்று எழுப்பினார்கள். போர்வீரருக்கே இந்த கதியா என்று எழுந்த கண்டனம், அங்கு நடந்த போராட்டத்துக்கு வலு சேர்த்தது. 1867-ல் அந்த மாநிலத்தில் டிராம்களில் பாகுபாடு சட்டப்படி தடை செய்யப்பட்டது.

கப்பலைக் கைப்பற்றியதற்குக் கிடைத்த பரிசுப் பணம் 1,500 டாலர். வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்த பழைய எஜமானரின் வீட்டை ஸ்மால்ஸ் விலைக்கு வாங்கினார். எந்த வீட்டின் பின்னால் பிறந்தாரோ, அதற்கே உரிமையாளர் ஆனார். அடிமைகளுக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்ததால், இருபது வயதைத் தாண்டிய பிறகு ஆசிரியர் வைத்துப் படித்தார்.

1868-ல் மாநில அரசமைப்பை எழுதிய சபையில் உறுப்பினராக இருந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பொதுக்கல்வி வேண்டும் என்று பாடுபட்டார். மாநிலச் சட்டமன்றத்துக்கும், பின்னர் ஐந்து முறை நாடாளுமன்றத்துக்கும் தேர்வானார். வெள்ளையர் ஆதிக்கக் கட்சி மாநிலத்தில் மீண்டும் ஆட்சிக்கு வந்ததும், 1877-ல் லஞ்ச வழக்கில் தண்டிக்கப்பட்டார். 1879-ல் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார்.

1895-ல் அரசமைப்பைத் திருத்தி எழுதக் கூடிய சபையில் கறுப்பின உறுப்பினர்கள் ஆறு பேர் மட்டுமே இருந்தார்கள். அவர்களில் ஸ்மால்ஸும் ஒருவர். படிப்புச் சோதனை, சொத்துத் தகுதி என்ற பெயரில் கறுப்பினத்தவரின் வாக்குரிமையைப் பறிக்கும் திட்டத்தை எதிர்த்து வாதாடினார். அதில் தோற்றார். 1915 பிப்ரவரியில் தம் சொந்த வீட்டில் காலமானார். பியூஃபோர்ட் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல் கடற்படைப் பயிற்சி முகாம் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஆனால் அது கறுப்பின வீரர்களை மட்டும் ஒதுக்கி வைத்துப் பயிற்சி கொடுத்த முகாம். பெயரைக் கொடுத்தார்கள், சமத்துவத்தைக் கொடுக்கவில்லை. 2023-ல் பெயர் பெற்ற கப்பலிலோ எல்லா இனத்தவரும் ஒன்றாகவே பணிபுரிகிறார்கள்.

தலைவரின் பெயரைப் பலகையில் எழுதுவது எளிது. அவர் கேட்ட பள்ளியும் வாக்கும் சம இருக்கையும் எல்லோருக்கும் கிடைத்ததா என்று பார்ப்பதுதான் அந்தப் பெயருக்குச் செய்யும் மரியாதை. மாணவர்கள் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதுவே.