ஓசூர் வாடகை ஒப்பந்தத்துக்கும் ஐரிஷ் மொழிக்கும் என்ன சம்பந்தம்? யார் இந்த விட்லி ஸ்டோக்ஸ்?

ஓசூர்ல ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, சின்னதா ஒரு லேத் பட்டறை நடத்துறீங்கன்னு வைங்க. ஒப்பந்தத்தை முறைப்படி பதிவும் பண்ணியாச்சு. ஆனா காலி பண்ண எத்தனை நாள் நோட்டீஸ் தரணும்ங்கிறதை மட்டும் அதில் எழுதலை. திடீர்னு ஒருநாள் ஓனர் அடுத்த வாரமே காலி பண்ணச் சொன்னா?

அது செல்லாது. உற்பத்தித் தொழிலுக்கான குத்தகைன்னா 6 மாத நோட்டீஸ் தரணும். மத்த வாடகைக்கு 15 நாள். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 106-வது பிரிவு இதைத்தான் சொல்லுது. அந்தச் சட்டம் நிறைவேறிய ஆண்டு 1882. அப்போது வைஸ்ராய் கவுன்சிலில் சட்ட உறுப்பினராக இருந்து அதைக் கொண்டுவந்தவர் விட்லி ஸ்டோக்ஸ்.

ஆனா உலகம் இன்னிக்கு அவரை நினைவு வைத்திருப்பது சட்டத்துக்காக மட்டும் இல்லை. பழைய ஐரிஷ் மொழியைப் படிக்கிற யாரும் அவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. அயர்லாந்திலிருந்து பல ஆயிரம் மைல் தள்ளி, இந்தியாவில் உட்கார்ந்து ஐரிஷ் நூல்களைப் பதிப்பித்தவர் அவர். இவ்வளவும் தெரிந்த அந்த மனிதருக்கு, ஐரிஷை இயல்பாகப் பேச மட்டும் கடைசி வரை வரவில்லை.

டாக்டர் வீட்டுப் பையன்

1830 பிப்ரவரி 28 அன்று டப்ளினில் பிறந்தார் ஸ்டோக்ஸ். அப்பா வில்லியம் ஸ்டோக்ஸ் பெரிய டாக்டர். மருத்துவம் படித்தவர்களுக்கு 'செய்ன்-ஸ்டோக்ஸ்' சுவாசம் தெரிந்திருக்கும். அதில் வரும் ஸ்டோக்ஸ் இவர்தான். தங்கை மார்கரெட், அயர்லாந்தின் பழங்காலக் கலைகளை ஆராய்ந்தவர்.

வீடு முழுக்க அறிஞர்கள் வந்துபோகும் இடம். பழைய ஐரிஷ் சுவடிகளைக் கரைத்துக் குடித்த ஜான் ஓ'டோனவன், அப்பாவின் நண்பர். பையனுக்கு ஐரிஷ் கிடைத்தது இந்த வட்டத்தில்தான். அதாவது சந்தையிலோ தெருவிலோ இல்லை, அறிஞர்கள் மத்தியில். வீட்டு மொழி ஆங்கிலம். ஐரிஷ் என்பது சுவடியில் இருக்கிற ஒரு பொக்கிஷம். இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைங்க, பின்னாடி தேவைப்படும்.

'ரீ'யும் ராஜாவும்

டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பட்டம் வாங்கினார். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த சீக்ஃப்ரீட் என்ற அறிஞரிடம் சம்ஸ்கிருதமும் ஒப்பியல் மொழியியலும் படித்தார். அப்போது அந்தத் துறையே புதுசு. 1853-ல் சோய்ஸ் என்ற ஜெர்மானியர் கெல்டிக் மொழிகளுக்கான பெரிய இலக்கணத்தை வெளியிட்டு, அந்த ஆராய்ச்சிக்கு உறுதியான அடித்தளம் போட்டார்.

கெல்டிக் என்பது ஒரு குடும்பம். ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மாங்ஸ் ஒரு கிளை. வெல்ஷ், பிரெட்டன், கார்னிஷ் இன்னொரு கிளை. இந்தக் குடும்பத்துக்கும் சம்ஸ்கிருதத்துக்கும் தூரத்து உறவு உண்டு. ஐரிஷில் அரசனுக்கு 'ரீ'. சம்ஸ்கிருத 'ராஜன்' அதே வேரிலிருந்து வந்தது. ஐரிஷில் பசுவுக்கு 'போ', சம்ஸ்கிருதத்தில் 'கோ'. இதுவும் ஒரே வேர்தான். இப்படி ஒரு சொல்லைப் பிடித்து ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பின்னால் போவதுதான் ஸ்டோக்ஸுக்குப் பிடித்த வேலை.

மெட்ராஸுக்கு வந்த வக்கீல்

ஆனா மொழி சோறு போடாது. லண்டனில் சட்டம் படித்து 1855-ல் வக்கீல் ஆனார். 1862-ல் மெட்ராஸுக்குக் கப்பல் ஏறினார். மெட்ராஸ் உயர் நீதிமன்றம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். அங்கே தீர்ப்புகளைத் தொகுக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. இந்து சட்ட நூல்களின் மொழிபெயர்ப்புகளைத் தொகுத்து 1865-ல் மெட்ராஸில் புத்தகமாகவும் கொண்டுவந்தார்.

அதற்குள் கல்கத்தாவில் மத்திய அரசின் சட்டத்துறை வேலை வந்துவிட்டது. படிப்படியாக உயர்ந்து 1877-ல் சட்ட உறுப்பினர் ஆனார். 1882 வரை அந்தப் பதவி. சிவில், கிரிமினல் வழக்கு நடைமுறைச் சட்டங்களை வரைந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னிக்கு செக் பவுன்ஸ் வழக்கு போடுகிறோமே, அதற்கான தாய்ச்சட்டம் 1881-ல் வந்தது. இதுவும் அவர் பதவியில் இருந்த காலம்தான். பவுன்ஸ் ஆனால் தண்டனை என்கிற 138-வது பிரிவு மட்டும் 1988-ல் சேர்ந்தது.

இன்னொன்று, அடுத்தவர் நிலம் வழியாகப் போகும் வண்டிப் பாதை, வாய்க்கால் போன்ற உரிமைகளுக்கான 1882 வசதியுரிமைச் சட்டம். அது முதலில் அமலானது மெட்ராஸ் மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகிய இடங்களில் மட்டும்தான். அன்றைய ஓசூர் சேலம் மாவட்டத்தில், அதாவது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்தது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் மைசூர் சமஸ்தானம். ஸ்டோக்ஸின் சட்டம் அங்கே போகலை.

கல்கத்தாவில் அச்சான ஐரிஷ்

இவ்வளவு வேலைக்கு நடுவில் மனுஷன் சும்மா இருக்கலை. பழைய ஐரிஷ் உரைக்குறிப்புகளை 1866-ல் கல்கத்தாவில் அச்சிட்டார். 1876-ல் ஒரு பிரெட்டன் மொழி வழிபாட்டு நூல். 1877-ல் அயர்லாந்துப் புனிதர்கள் மூன்று பேரைப் பற்றிய இடைக்கால ஐரிஷ் உரைகள். 1881-ல் டிராய் நகர அழிவைச் சொல்லும் ஐரிஷ் கதை. எல்லாம் கல்கத்தாவில்தான். ஜூம் கால் கிடையாது, ஸ்கேன் காப்பி கிடையாது. மூலச் சுவடிகளோ ஐரோப்பாவில். பிரதி எடுத்த தாள்களையும் குறிப்புகளையும் வைத்தே வேலை நடந்தது.

அந்த உரைக்குறிப்புகள் சுவாரசியமானவை. 8, 9-ம் நூற்றாண்டு ஐரிஷ் துறவிகள் லத்தீன் நூல்களைப் படிக்கும்போது, கஷ்டமான சொல்லுக்கு மேலேயும் ஓரத்திலும் தங்கள் மொழியில் அர்த்தம் எழுதி வைத்தார்கள். நம்ம ஊர் கோனார் நோட்ஸ் மாதிரி. பழைய ஐரிஷ் எப்படி இருந்தது என்பதற்கு இன்று நம்மிடம் இருக்கும் முக்கியமான ஆதாரம் அந்த ஓரக் குறிப்புகள்தான். அவற்றைத் தொகுத்து ஜான் ஸ்ட்ராகனுடன் சேர்ந்து 1901-லும் 1903-லும் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார் ஸ்டோக்ஸ்.

பேச வராத நிபுணர்

இங்கேதான் கதையின் மறுபக்கம். ஐரிஷின் உச்சரிப்பு அவருக்குக் கடைசி வரை வசப்படவே இல்லை. லத்தீனையோ சம்ஸ்கிருதத்தையோ படிப்பது போலவே ஐரிஷையும் கண்ணால் படித்தார். ஒரு சொல்லின் 1,000 ஆண்டு வரலாறு தெரியும், அதை ஒரு விவசாயி வாயில் எப்படிச் சொல்வார் என்பது தெரியாது.

அதே சமயம் அடுத்தவர் தப்பை விடவே மாட்டார். வேறு அறிஞர்களின் பதிப்பில் ஒரு எழுத்து பிசகினாலும் கிழித்துத் தொங்கவிடும் விமர்சனம் எழுதுவார். இதனால் பகையும் நிறைய.

அவர் சுவடிகளில் மூழ்கியிருந்த காலத்தில் அயர்லாந்தில் என்ன நடந்தது? 1845-ல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தது. சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவுக்கு மக்கள் கப்பலேறிப் போனார்கள். அதிகம் அடிபட்டது ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதி ஏழைகள். வேலைக்கும் அமெரிக்காவுக்கும் ஆங்கிலம்தான் வேணும்னு ஆனதும், பெற்றோரே பிள்ளைகளிடம் ஐரிஷ் பேசுவதைக் குறைத்தார்கள். 1851 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசியவர்கள் சுமார் 15 லட்சம். 1901-ல் அது சுமார் 6.4 லட்சம். அரை நூற்றாண்டில் பாதிக்கும் கீழே.

அப்போ ஸ்டோக்ஸ் செய்த வேலை வீணா? அப்படிச் சொல்ல முடியாது. கார்னிஷ் மொழியைப் பாருங்க. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் பேசப்பட்ட அந்த மொழி, அவர் பிறப்பதற்கு முன்பே வீடுகளில் ஒலிப்பது நின்றுவிட்டது. அதன் பழைய நாடகங்களை அவர் 1864-லும் 1872-லும் பதிப்பித்தார். பிறகு 1904-ல் ஹென்றி ஜென்னர் கார்னிஷ் கற்க ஒரு கையேடு எழுதி, மொழியை மீட்கும் முயற்சியைத் தொடங்கினார். மீட்க நினைத்தவர்கள் கையில் பேச்சாளர்கள் இல்லை, இப்படிப்பட்ட நூல்கள்தான் இருந்தன. இன்று கார்னிஷைப் பேசக் கற்றுக்கொள்ள முடிகிறது என்றால், அதில் ஸ்டோக்ஸுக்கும் பங்கு உண்டு.

ஐரிஷுக்கு வந்த உதவி வேறு மாதிரி. 1893-ல் டக்ளஸ் ஹைடும் நண்பர்களும் கேலிக் லீக் தொடங்கி, சாதாரண மக்களுக்குப் பேச்சு வகுப்பு எடுத்தார்கள். தப்பா வந்தாலும் பரவாயில்லை, பேசுங்க என்கிற வழி. ஸ்டோக்ஸின் வழிக்கு நேர் எதிர். அந்த ஹைடுதான் 1938-ல் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார். அதைப் பார்க்க ஸ்டோக்ஸ் இல்லை. 1882-ல் இந்தியாவை விட்டுப் போனவர், மீதி வாழ்நாளை ஆராய்ச்சிக்கே கொடுத்து, 1909 ஏப்ரல் 13 அன்று லண்டனில் காலமானார். வயசு 79. அவருடைய நூலகத்தை மகள்கள் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்குக் கொடுத்தார்கள்.

தமிழ் பேசுறவங்களுக்கு ஐரிஷ் ஈஸியா?

இப்போ ஐரிஷ், வெல்ஷ், ஸ்காட்டிஷ் கேலிக் மூன்றும் டூயோலிங்கோவில் இருக்கு. டப்ளினில் ஐடி வேலைக்குப் போற நம்மாட்களும் விமான நிலையத்திலிருந்தே ஐரிஷ் பலகைகளைப் பார்க்கிறாங்க. புதுசா ஆரம்பிக்கிற தமிழருக்குச் சில விஷயங்கள் சொந்த வீடு மாதிரி இருக்கும்.

ஒன்று, ஆங்கில 'ஹேவ்' மாதிரி ஒரு வினைச்சொல் ஐரிஷில் கிடையாது. 'தா லியவர் அகம்' என்றால் 'இருக்கு புத்தகம் என்கிட்ட'. நாமும் என்கிட்ட இருக்குன்னுதானே சொல்றோம்!

இரண்டு, ஆமாம், இல்லை என்பதற்குத் தனிச் சொல் இல்லை. கேட்ட வினையையே திருப்பிச் சொல்லணும். சாப்பிட்டியான்னா சாப்பிட்டேன், வந்தாரான்னா வந்தாரு. நமக்குப் பழகினதுதான்.

மூன்று, சொல்லின் முதல் எழுத்து இடத்துக்கு ஏற்ப மெலியும். பசு 'போ', என் பசு 'மோ வோ'. முதலில் குழப்பும். ஆனா 'கல்'லில் ஒரு மாதிரியும் 'மகன்'ல வேற மாதிரியும் ஒரே 'க'வை உச்சரிக்கிற நமக்கு, ஒலி மெலிவது புதுசு இல்லை.

கஷ்டம் எங்கேன்னா வாக்கிய வரிசை. நாம வினையைக் கடைசியில் வைப்போம், ஐரிஷ் முதலிலேயே வைக்கும். அதோட, எழுதுவது ஒன்று, வாசிப்பது வேறொன்று போலத் தெரியும் எழுத்துக்கூட்டல். அதனால் காதால் கேட்டுக் கத்துக்கிறதுதான் நல்லது.

படிக்கிறதா, பேசறதா?

2022 கணக்கெடுப்பில் அயர்லாந்தில் ஐரிஷ் பேசத் தெரியும்னு சொன்னவங்க சுமார் 18.7 லட்சம். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசறவங்க சுமார் 72,000 பேர் மட்டும். பாடமாக எல்லாரும் படித்திருக்காங்க. ஆனா பேச ஆள் வேணும், இடம் வேணும்.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் நிலைமை தலைகீழ். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ், கம்பெனியில் இந்தின்னு நாலு மொழி சரளமாப் பேசறவங்க சாதாரணமா இருக்காங்க. ஆனா வீட்டு மொழியான தெலுங்கிலோ கன்னடத்திலோ பஸ் போர்டு படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் பலர். ஸ்டோக்ஸுக்கு எழுத்து இருந்தது, பேச்சு இல்லை. இவங்களுக்குப் பேச்சு இருக்கு, எழுத்து இல்லை.

ரெண்டில் எது பெரிசுன்னு சண்டை போட வேண்டியதில்லை. எழுத்து இருந்ததால் கார்னிஷ் திரும்பி வர வழி கிடைத்தது. பேசும் வாய்கள் மிஞ்சியதால் ஐரிஷ் முழுசா அணையாமல் நின்றது. பாட்டிகிட்ட தெலுங்கு பேசற ஓசூர்க்காரர் அந்த எழுத்தைக் கத்துக்க தினம் அரை மணி நேரம் ஒதுக்கினா போதும், சில வாரத்தில் போர்டு படிக்க ஆரம்பிச்சிடலாம். ஏன்னா கஷ்டமான பாதி, அதாவது ஸ்டோக்ஸுக்குக் கடைசி வரை கிடைக்காத அந்தப் பாதி, அவர்கிட்ட ஏற்கெனவே இருக்கு.